எட்டு எழுத்தும் ஒரு காலரும்

என் செல்ல வாலுக்கு அப்பா எழுதறது, இங்கே நானும் உங்க அம்மாவும் நல்லா இருக்கோம், என்னோட வலது முழங்கால் மட்டும் எங்களோட சேராம தனிக்கட்சி நடத்திட்டிருக்கு, மத்தபடி ஒரு குறையும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் மாமனாரும் மாமியாரும் நோய் நொடி இல்லாம இருக்கணும், காலைல கடை ஷட்டரைத் தூக்கும்போது முதல்ல அதைத்தான் நினைச்சுக்கறேன். போன ஞாயித்துக்கிழமை போனை நான் அம்மாகிட்ட குடுக்கறதுக்குள்ள உனக்கு நாலு தடவை இருமல் வந்துச்சு, நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன், ஒண்ணுமில்லைப்பா ஏசி காத்துன்னு சொல்லிட்டே, ஏசி காத்துன்னா கழுத்துல ஒரு துணியைச் சுத்திக்கிட்டு உக்காரு, தையக்காரன் பொண்ணு கழுத்துக்கு ஒரு துணி இல்லாம இருமறாளேன்னு நாலு பேர் சொன்னா எனக்குத்தான் அவமானம். என்னடா இந்த மனுஷன் போன் இருக்கும்போது கடிதாசி எழுதறாரேன்னு நினைப்பே. போன்ல சொன்னா நீ பாதியில அழுவே, இல்லேன்னா பாதியில திட்டுவே, நடுவுல நான் சொல்ல வந்தது தொலைஞ்சு போயிடும். கடிதாசின்னா முழுசாப் படிச்சுட்டுத்தான் திட்ட முடியும். திட்டறதுக்கும் இதுல விஷயம் இருக்கு, சந்தோஷப்படறதுக்கும் இருக்கு, அதனால உக்காந்து நிதானமாப் படி.

முதல்ல வீட்டுச் சமாச்சாரம். உங்க அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி போட்டாச்சு, போட்டதும் முதல் வேலையா என்னை ஏற இறங்கப் பார்த்து, ஏங்க உங்களுக்கு இவ்வளவா நரைச்சுப் போச்சுன்னு கேட்டா, இத்தனை வருஷமா என்னை அவ குத்துமதிப்பாத்தான் பார்த்திட்டிருந்திருக்கான்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. மாடி வீட்டுக் குழாய் ஒழுகி நம்ம சமையலறைச் சுவர்ல ஈரம் இறங்கிச்சு, சண்டை போடப் போனவ அந்த வீட்டம்மாவோட ஒரு மணி நேரம் சிரிச்சுப் பேசிட்டு வந்துட்டா, குழாய் இன்னும் ஒழுகுது. நீ சொன்ன மாதிரி பழைய மெஷினுக்கு மோட்டார் மாட்டிட்டேன், காலுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா அது ஓடற வேகத்துக்கு என் கை பழகலை, முதல் நாளே போட்டிருந்த சட்டையோட கையையும் சேர்த்து வெச்சுத் தைச்சுட்டேன், உங்க அம்மாதான் வந்து கத்திரி எடுத்து என்னை விடுதலை பண்ணினா. ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன் வேற, வர்றவங்க எல்லாருக்கும் நாளைக்கே வேணும், ஒருத்தரும் நேத்தே வரலை. இப்படிப் பொழுது போகுது.

சரி, சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வரேன். ரெண்டு வருஷம் முன்னாடி உன் மாமனார் பத்து நாள் தங்கறதா நம்ம வீட்டுக்கு வந்துட்டு மூணாம் நாளே கிளம்பிப் போனாரே, அது உனக்கு மறந்திருக்காது. என்னப்பா ஆச்சுன்னு நீ கேட்டே, அவருக்கு நம்ம வீடு பிடிக்கலை, நம்ம கடை அவர் கண்ணுக்குச் சின்னதாத் தெரிஞ்சு போச்சு, பெரிய மனுஷன்னு நினைப்புன்னு நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதை நம்பி நீ மாப்பிள்ளைகூடச் சண்டை போட்டு ஒரு வாரம் பேசாம இருந்தே. அதுக்கப்புறம் என் பேச்சை எடுத்தாலே உன் மாமனார் எழுந்து தோட்டத்துப் பக்கம் போயிடறார்னு நீ மூணு தடவை என்கிட்ட அழுதிருக்கே. அம்மாடி, அவர் மேல ஒரு தப்பும் இல்லை, முழுக்க முழுக்க என் தப்பு. எனக்கே அது ஏழு மாசம் முன்னாடிதான் தெரிஞ்சுது, தெரிஞ்சப்புறமும் திருடனுக்குத் தேள் கொட்டின கணக்கா வாயைத் திறக்க முடியாம இருந்தேன். இப்ப சொல்றேன் கேளு.

உன் கல்யாணத்தன்னைக்கு அவர் என் கையில ஒரு துணிக்கட்டு குடுத்தார், ஞாபகம் இருக்கா, சாம்பல் கலர்ல நல்ல பருத்தி, அதுல தைச்ச சட்டையைப் பார்த்துட்டுத்தான் நீ அப்பா பத்து வயசு குறைஞ்சுட்டீங்கன்னு சொன்னே. அந்தத் துணியைச் சுத்தி ஒரு காகிதம் இருந்துச்சு. மெத்துன்னு, கெட்டியா, ஓரமெல்லாம் நேரா, அதுல கறுப்பா எட்டுச் சீன எழுத்து. இங்கே ஒண்ணு நீ புரிஞ்சுக்கணும், எங்க தொழில்ல துணிக்கட்டுன்னு வந்தாலே அதைச் சுத்தி மில்லுக்காரன் காகிதம் இருக்கும், பாதிக் கட்டுல சீன எழுத்துத்தான் அச்சடிச்சிருக்கும், நாங்க அதைத் தூக்கிப் போட மாட்டோம், காலர் வெட்ட, கை வெட்ட அளவுக் காகிதமா வெச்சுக்குவோம். முப்பத்தஞ்சு வருஷமா அப்படித்தான். அதனால இதையும் மில்லுக் காகிதம்னே நினைச்சுட்டேன், அதுலயும் இது உசத்தியா இருக்கேன்னு சந்தோஷமா மேசை மேல விரிச்சு ஒரு காலர், ஒரு கைப்பட்டை, ஒரு பாக்கெட், முதுகுத் தோள் துண்டு ஒண்ணுன்னு நாலா வெட்டி, ஓட்டை போட்டு, ஆணியில மாட்டிட்டேன். குரங்கு கையில பூமாலை கிடைச்ச கதைதான், இதுல குரங்குக்குக் கத்திரியும் தெரிஞ்சிருந்தது.

அந்த ஆணியில மாட்டினதைத்தான் அவர் வந்து பார்த்தார். வந்த முதல் நாள் ரெண்டு பேரும் எவ்வளவு சந்தோஷமா இருந்தோம் தெரியுமா, அவர் பேசற சீனம் எனக்குப் புரியாது, நான் பேசற தமிழ் அவருக்குப் புரியாது, கையாலயே எல்லாம் பேசினோம். தச்சர் இல்லையா, நம்ம வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஆடிட்டிருந்த சாப்பாட்டு மேசையைக் குனிஞ்சு ஒரு பார்வை பார்த்தார், டேப் கூட எடுக்கலை, ஒரு மரத்துண்டைச் சீவி காலுக்கு அடியில தட்டினார், இன்னைய வரைக்கும் அசையலை. மறுநாள் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒவ்வொண்ணாக் காட்டிட்டே வரும்போது அவர் கண்ணு ஆணியில போய் நின்னுச்சு. மெதுவா அந்தக் காலர் துண்டைக் கழட்டிக் கையில வெச்சுப் பார்த்தார். நான் மடையன், அவர் என் தொழில் நுட்பத்தை ரசிக்கிறார்னு நினைச்சு, அதைக் கையில வாங்கி, விரலால சுண்டிக் காட்டி, அருமையான காகிதம், கிழியவே கிழியாது, இதை வெச்சு நூறு காலருக்கு மேல வெட்டியிருக்கேன்னு கட்டை விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். காலரை வாங்கித் திரும்பவும் அதே ஆணியில நேரா மாட்டினார். அன்னைக்கு மதியம் சரியாச் சாப்பிடலை, மறுநாள் ஊர்ல அவசர வேலைன்னு மாப்பிள்ளை போன் பண்ணிச் சொன்னார், உன் மாமனார் கிளம்பிட்டார். தன் பையன்கிட்டகூட அவர் காரணத்தைச் சொல்லலைன்னு நினைக்கிறேன், சொல்லியிருந்தா உன் காதுக்கு வந்திருக்கும், அந்தப் பெருந்தன்மை எனக்கு வராது.

இது எப்படி வெளிய வந்துச்சுன்னா, நம்ம கடைக்குப் பக்கத்துல போன வருஷம் ஒரு லாண்டரி திறந்தாங்க, நீ பார்த்ததில்லை. அதை நடத்தற அம்மாவுக்கு உன்னைவிட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும், சீனம்தான் வீட்டுப் பேச்சு, ஆனா நம்ம பேச்சையும் பிசிறு இல்லாமப் பேசுவாங்க. பட்டன் போன சட்டை, ஜிப்பு போன பேன்ட்டெல்லாம் என்கிட்டத்தான் அனுப்புவாங்க, எப்பவும் நான்தான் போய் வாங்கிட்டு வர்றது. ஏழு மாசம் முன்னாடி ஒரு நாள் அவங்களே மூட்டையைத் தூக்கிட்டு உள்ளே வந்தாங்க, நான் காலர் வெட்டிட்டிருந்தேன், கையில இருந்த காகிதத்தைப் பார்த்துட்டு, மாஸ்டர் இது அச்சு இல்லையே, யாரோ பிரஷ்ஷால கையால எழுதினதாச்சே, இதை எதுக்கு வெட்டினீங்கன்னு கேட்டாங்க. ஆணியில இருந்த மத்த துண்டையெல்லாம் அவங்களே எடுத்து மேசை மேல ஒண்ணோட ஒண்ணு பொருத்தி வெச்சாங்க, விரல் அகலத்துக்கு ரெண்டு இடம் காணோம், ஆனாலும் படிக்க வந்துச்சு. அப்புறம் சொன்னாங்க, உங்க மகள், எங்க மகள், அவ்வளவுதான் மாஸ்டர் எழுதியிருக்குன்னு. வாலு, அந்த மனுஷன் வாய் வார்த்தையா என்கிட்ட சொல்ல முடியாதுன்னு, தன் கையால எழுதி, துணியில சுத்திக் குடுத்திருக்கார், நான் அதுல பாக்கெட் வெட்டியிருக்கேன். அதுவும் கத்திரி எந்த இடத்துல போயிருக்குன்னா, மகள்ங்கிற எழுத்துக்கு நடுவுலதான் போயிருக்கு.

அந்த லாண்டரிக்காரம்மாவே மன்னிப்புக் கடிதாசி ஒண்ணு எழுதித் தரேன்னாங்க. எனக்கு மனசு ஒப்பலை. அவர் கையால எழுதினதை வெட்டினவன் நான், இன்னொருத்தர் கையால பதில் போட்டா அது பதிலா, நானே எழுதறேன் கத்துக் குடுங்கன்னு கேட்டேன். என்ன எழுதறதுன்னு யோசிச்சப்ப எனக்கே தோணுச்சு, அவர் மகள்னு எழுதின இடத்துல நான் மகன்னு எழுதணும். உங்க மகன், எங்க மகன். அதுவும் எட்டே எழுத்துதான். உண்மையைச் சொல்றேன், உன் புருஷனை நான் இத்தனை நாள் மாப்பிள்ளைன்னு மரியாதையாக் கூப்பிட்டேனே தவிர மகனேன்னு மனசுல ஒரு தடவை நினைச்சதில்லை, அதை அவர்கிட்ட நீ சொன்னாலும் சரி சொல்லாட்டாலும் சரி. சம்பளமெல்லாம் வேண்டாம், அவங்க கடையோட கிழிசலை நான் தைச்சுக் குடுத்துடறேன்னு பேசி முடிச்சோம். எட்டு எழுத்துதானே, எட்டு நாள் போதும்னு நினைச்சேன். ஆழம் தெரியாம காலை விட்டேன்.

கட்டம் போட்ட நோட்டு ஒண்ணு வாங்கி, அவங்க எழுதிக் குடுத்ததைப் பார்த்துக் கடையில உக்காந்து எழுதிட்டுப் போவேன். எழுத்து அச்சு அசலா இருக்குன்னு அவங்களும் பாராட்டினாங்க, முப்பத்தஞ்சு வருஷம் கோடு போட்ட கை இல்லையா. ஒரு வாரம் கழிச்சு, என் முன்னாடி எழுதுங்க மாஸ்டர்னாங்க. எழுதினேன். அவங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே, கவுன்டரைப் பிடிச்சுக்கிட்டு, கண்ல தண்ணி வர, அயர்ன் பண்ண நின்ன ரெண்டு பேரும் என்னன்னு எட்டிப் பார்த்துட்டாங்க. என்னன்னா, நான் ஒவ்வொரு கோட்டுக்கும் நோட்டைத் திருப்பறேன். எனக்கே தெரியலை. எங்க தொழில்ல கை ஒரே பக்கம்தான் போகும், துணிதான் திரும்பும், மெஷினும் அப்படித்தான். அதனால மேலேருந்து கீழே இழுக்க வேண்டிய கோட்டுக்கு நோட்டைப் படுக்க வெச்சு இடமிருந்து வலமா இழுக்கறேன், சாய்வுக் கோட்டுக்குக் கோணலாத் திருப்பறேன், ஒரு எழுத்து முடியறதுக்குள்ள நோட்டு ஒரு முழுச் சுத்து சுத்தி வந்துடுது. அதோட பேனாவை எடுக்கவே மாட்டேங்கறேன், நடுவுல எடுத்தா நூல் அறுந்து போகும்னு கைக்கு பயம் போல. அன்னைலேருந்து அவங்க ஆறிப்போன இஸ்திரிப்பெட்டி ஒண்ணைத் தூக்கி என் நோட்டு மேல வெச்சுட்டாங்க, இப்ப திருப்புங்க பார்க்கலாம்னு. மூணு மாசத்துக்கு மேல அந்த இஸ்திரிப்பெட்டிதான் எனக்கு வாத்தியார்.

எனக்குக் கோபமும் வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். எந்தக் கோடு முதல்ல போனா என்ன, முடிவுல எழுத்து சரியா இருக்குல்ல, யார் கேக்கப் போறான்னு ஒரு நாள் நோட்டை மூடிட்டு எழுந்துட்டேன். அவங்க தைக்க வெச்சிருந்த ஒரு சட்டையை என் பக்கம் தள்ளினாங்க, வேற எங்கேயோ தைச்சது, அக்குள்ல பிடிக்குதுன்னு வாடிக்கையாளர் திரும்பத் திரும்பக் கொண்டு வர்றாராம். புரட்டிப் பார்த்தேன், புரட்டின உடனே தெரிஞ்சு போச்சு, கையைப் பொருத்தறதுக்கு முன்னாடியே பக்கவாட்டுத் தையலைப் போட்டு மூடிட்டு, அப்புறம் கையைத் திணிச்சிருக்கான் அந்தப் புண்ணியவான். வெளியிலேருந்து பார்த்தா ஒரு வித்தியாசமும் இல்லை, போட்டவனுக்குத்தான் தெரியும். எந்தத் தையல் முதல்ல, எந்தத் தையல் கடைசின்னு நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கேன். திரும்ப உக்காந்து நோட்டைத் திறந்தேன். அதுக்கப்புறம் எல்லாமே எனக்கு விளங்க ஆரம்பிச்சுது. பெட்டி மாதிரி வர்ற எழுத்துல உள்ளே இருக்கற கோட்டைப் போட்டுட்டுத்தான் அடிக்கோட்டை மூடணும்னாங்க, அட, தலகாணி உறைக்குப் பஞ்சை அடைச்சுட்டுத்தானே வாயைத் தைப்போம். மகன்ங்கிற எழுத்துல குறுக்குக் கோடு கடைசியில வரணும், நான் எப்பவும் அதைத்தான் முதல்ல போட்டேன், வெட்டறதுக்கு முன்னாடி குறுக்கே ஒரு கோடு இழுத்துக்கிட்டே பழகினவன். அந்தப் பழக்கம் போகவே ஒரு மாசம் ஆச்சு. எல்லாத்துலயும் கொடுமை, நான்னு ஒரு எழுத்து, என்னோடங்கறதுக்கும் அதுதான் வேணும், ஏழு கோடு, ஒண்ணு வளையும், ஒண்ணு மேலே ஏறும், ஒண்ணு கொக்கி போடும், ஏழாவதா மேலே ஒரு புள்ளி, எனக்கு அது வரவே இல்லை. உங்க அம்மா சொன்னா, பொழுது விடிஞ்சா பொழுது போனா நான் நான்னு அலட்டிக்கற மனுஷனுக்கு அந்த ஒரு எழுத்து வரலைன்னா கடவுள் இருக்கார்னு அர்த்தம்னு.

உங்க அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறியா, அது தனிக் கூத்து. முதல் மூணு மாசம் நான் அவகிட்டயும் சொல்லலை, வெக்கம்தான். தினமும் சாயங்காலம் நாலு மணிக்குச் சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு, தலையைச் சீவிக்கிட்டு, லாண்டரிக்குப் போறேன், அரை மணி நேரம் கழிச்சுச் சிரிச்ச முகமா வரேன், எவளுக்குத்தான் சந்தேகம் வராது. ஒரு நாள் என் பின்னாடியே வந்து, லாண்டரி வாசல்ல இடுப்புல கை வெச்சு நின்னா. உள்ளே நான் நாக்கைக் கடிச்சுக்கிட்டு, இஸ்திரிப்பெட்டிக்கு அடியில நோட்டை வெச்சு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு சத்தமா எண்ணிட்டு எழுதறேன். கையும் களவுமாப் பிடிச்சவ முழிச்ச முழியை நீ பார்த்திருக்கணும். வீட்டுக்கு வந்ததும் எல்லாத்தையும் சொன்னேன். ரெண்டு நாள் என்னோட பேசலை, மகள்னு எழுதினதையா வெட்டினீங்க, கண்ணு எங்கே இருந்துச்சுன்னு அதையே கேட்டுக் கேட்டு அழுதா. மூணாம் நாள் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, எங்கே எழுதுங்க பார்க்கலாம்னு எதிர்ல உக்காந்துட்டா. அஞ்சுல வளையாதது அறுபதுல வளையுமான்னு கிண்டல் வேற. வளைஞ்சுது, அவதான் வளைச்சா, நாலாவது கோட்டை விட்டுட்டு அஞ்சாவதுக்குப் போனேன்னா ஸ்கேலால மேசையில ஒரு தட்டு. ஒரு வருத்தம் என்னன்னா, நான் பேனாவிலேருந்து பிரஷ்ஷுக்கு மாறினப்புறம், சும்மா பார்த்துட்டிருந்தவ ஒரு நாள் அதை வாங்கி எழுதினா, என்னைவிட நல்லா வந்துச்சு. லாண்டரிக்காரம்மாகிட்ட அதைக் காட்டக் கூடாதுன்னு ஒளிச்சு வெச்சிருக்கேன், நீயும் சொல்லிடாதே.

போன மாசம் பதினெட்டாம் தேதி, கடைக்கு லீவு விட்டுட்டு, குளிச்சுட்டு வந்து உக்காந்து எழுதினேன். நாப்பது தாள் வீணாச்சு, நாப்பத்தொண்ணாவது தாள்ல எட்டு எழுத்தும் ஒரு கோடு கூட மாறாம, தாளை ஒரு தடவை கூடத் திருப்பாம விழுந்துச்சு. வாத்தியாரம்மா வந்து ஒவ்வொரு எழுத்தையும் விரலால தடவிப் பார்த்தாங்க, பிரஷ்ஷை எங்கே அழுத்தி ஆரம்பிச்சோம், எங்கே தூக்கினோம்னு மையைப் பார்த்தே தெரிஞ்சுடுமாம், இனிமே எனக்குச் சொல்லிக் குடுக்க ஒண்ணுமில்லை மாஸ்டர்னு சொன்னாங்க. அவர் எழுதினதை என்ன பண்ணினேன்னா, நாலு துண்டையும் ஒரு வெள்ளைத் துணி மேல இருந்தபடியே சேர்த்து வெச்சு, ஓரமா மெல்லிய நூல்ல கையால தைச்சுட்டேன், காணாமப் போன இடம் காணாமப் போனதாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன், அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. கண்ணாடி போட்டுக் கடையில மெஷினுக்கு நேர் எதிர்ல மாட்டியிருக்கேன். அதை உங்க அம்மா ஒரு படம் எடுத்தா, அந்தப் படத்தையும் நான் எழுதினதையும் ஒரு கவர்ல போட்டு உனக்கும் தெரியாம, மாப்பிள்ளைக்கும் தெரியாம, நேரா அவர் பேருக்கே அனுப்பினேன். அனுப்பின நாள்லேருந்து எனக்குச் சோறு இறங்கலை. பதில் வரலைன்னா என்ன பண்றது, வந்து நல்லா இல்லைன்னா என்ன பண்றது, உன் வாழ்க்கையில என்னால இன்னொரு விரிசல் விழுந்தா என்ன பண்றதுன்னு இதே நினைப்பு. போன் பண்ணி நீ அப்பான்னு கூப்பிட்டாலே திக்குன்னு இருக்கும், அதனாலதான் ரெண்டு வாரமா உடனே உடனே அம்மாகிட்ட போனைக் குடுத்தேன், கோவிச்சுக்கிட்டேன்னு நீ நினைச்சிருந்தா அது இல்லை கண்ணு.

மூணு நாள் முன்னாடி பதில் வந்துச்சு. கவர் இல்லை, பொட்டலம். பிரிச்சா உள்ளே ரெண்டரை மீட்டர் துணி, இளம் பச்சை, தொட்டா கை வழுக்குது. அதைச் சுத்தி ஒரு காகிதம். இந்தத் தடவை நான் தொடவே இல்லை, ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, ஓடிப் போய் லாண்டரிக்காரம்மாவைக் கூட்டிட்டு வான்னு உங்க அம்மாகிட்ட கத்தினேன். அவங்க ஈரக் கையோட வந்து படிச்சாங்க. கழுத்து அறுபத்தொண்ணு, மார்பு அம்பத்தெட்டு, தோள் இருபது, கை தொண்ணூறு, எல்லாம் சென்டிமீட்டர். சட்டை அளவு, மாஸ்டர், உங்களைச் சட்டை தைக்கச் சொல்லி அனுப்பியிருக்கார்னு சொன்னாங்க. கீழே இன்னும் ஒரு வரி இருந்துச்சு. அதைப் படிச்சுட்டு அவங்க சிரிச்சுட்டாங்க. இந்தக் காகிதத்தை வெட்டலாம், அப்படின்னு எழுதியிருக்கார். வாலு, நான் அழுதேன், வெக்கமே இல்லாம, யூனிஃபார்ம் வாங்க வந்தவங்க முன்னாடியே அழுதேன். ரெண்டு வருஷமா நெஞ்சுல கிடந்த பாறாங்கல்லை அந்த மனுஷன் ஒரு வரியில தூக்கி வெளிய போட்டுட்டார்.

அழுது முடிச்சு மூக்கைத் துடைச்சுட்டுத்தான் அளவைப் பார்த்தேன். பார்த்தா தலை சுத்துது. கழுத்து மார்பை விடப் பெரிசு. தோள் ஒரு சாண்கூட இல்லை, கையோ முழங்காலைத் தாண்டித் தொங்குது. இப்படி ஒரு பிறவி உலகத்துலயே கிடையாது. பாவம், வயசாயிடுச்சு, டேப்பைத் தப்பாப் பிடிச்சிருப்பார், உன்கிட்ட போன் பண்ணி நீயே அளந்து அனுப்புன்னு சொல்லலாம்னு போனை எடுத்தேன். உங்க அம்மா கையைப் பிடிச்சுத் தடுத்தா. ஏங்க, டேப் இல்லாமலே கண்ணால அளந்து நம்ம மேசைக் காலைச் சரி பண்ணினவர், நாப்பது வருஷம் மரத்தை அளந்தவர், தன் கழுத்தை அளக்கத் தெரியாமலா இருப்பார், இந்த அளவுக்குச் சட்டை தைக்க முடியாதுன்னு அவருக்குத் தெரியாதான்னு கேட்டா. அவ சொன்னா, நேர்ல நின்னு அளவு குடுக்க வரேன்னு எழுதியிருக்கார், உங்களுக்குத்தான் படிக்கத் தெரியலைன்னு.

அதனால கண்ணு, நீ உடனே லீவுக்கு எழுதிக் குடு, மாப்பிள்ளையையும் குடுக்கச் சொல்லு, அவர் வந்தா இனிமே நான் மகனேன்னுதான் கூப்பிடுவேன், கேட்டுப் பழகிக்கட்டும். உன் மாமனாரைக் கூட்டிட்டு வா, மாமியாருக்கும் முடிஞ்சா அவங்களையும், உங்க அம்மா இப்பவே கட்டிலை இந்த ரூமுக்கும் அந்த ரூமுக்கும் இழுத்துட்டிருக்கா, பத்து நாள்னு அன்னைக்குச் சொன்னது இன்னும் ஏழு நாள் பாக்கி இருக்குன்னு உன் மாமனார்கிட்ட சொல்லச் சொன்னா. வந்து இரு நாலு நாள், உன் மாமனாரும் நானும் கையாலயே பேசிக்கறோம், புரியாத இடத்துல நான் எழுதிக் காட்டறேன், எனக்கு எட்டு எழுத்து தெரியும். இருமலுக்கு டாக்டரைப் பாரு, ராத்திரி வேலை இருந்தா சாப்பிட்டுட்டு வேலை பாரு, சாப்பிடாம வேலை பார்த்து ஒருத்தரும் பெரிய ஆள் ஆனதில்லை. நீயும் உன் வீடும் குறைவில்லாம நிறைவா இருக்கணும், நீ சிரிச்சுப் பேசற சத்தம் அந்த வீட்டுல எப்பவும் கேக்கணும், ரெண்டு பேருக்கும் எங்களோட முழு ஆசீர்வாதம். ஒண்ணு மட்டும் மறக்காதே, உன் மாமனாரை நீ அளந்து சரியான அளவை எனக்கு அனுப்பிடாதே. துணி மேசை மேல மடிச்ச மடிப்போட இருக்கு, அவர் வந்து என் எதிர்ல நின்னப்புறம்தான் கத்திரியைக் கையில எடுப்பேன்.

வாசலைப் பார்த்துக்கிட்டே இருக்கற,
உன் அப்பா